இணையவழியில் நிதி மேலாண்மைப் பாடம், கல்லூரி கிரெடிட்டோடு: மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஜனவரியிலும் ஜூலையிலும் புதிய பருவம் தொடங்கும்போது, ஸ்வயம் என்ற இணையவழிப் பாடத் தளத்தில் நிதி மேலாண்மை அறிமுகப் பாடம் எடுக்கலாமா என்று மாணவர்கள் என்னிடம் வந்து கேட்பார்கள். வணிகவியல், பொறியியல், இயற்பியல் என எல்லாத் துறையிலிருந்தும் வருவார்கள். கல்லூரியில் இந்தப் பாடங்களுக்கு வழிகாட்டும் ஆசிரியராக இருப்பதால், ஒரே கேள்விக்குப் பலமுறை பதில் சொல்லியிருக்கிறேன். அவற்றை இங்கே எழுதி வைக்கிறேன். முன்பே தெரிந்திருந்தால் தவிர்த்திருக்கக்கூடிய இழப்புகளைச் சில பிள்ளைகள் சந்தித்ததைப் பக்கத்திலிருந்து பார்த்ததுதான் இதை எழுத முக்கியக் காரணம்.

ஸ்வயம், என்பிடெல் இரண்டும் ஒன்றுதானா?

ஸ்வயம் என்பது மத்திய அரசு 2017 ஜூலை 9-ஆம் தேதி தொடங்கிய பொதுத் தளம். அதில் பாடம் தருபவை பல அமைப்புகள். ஐஐடிகளும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து நடத்தும் என்பிடெல் அவற்றில் ஒன்று. பெங்களூர் ஐஐஎம், இக்னோ, யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) போன்றவையும் உண்டு. தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் பெரும்பாலும் புழங்குவது என்பிடெல் என்பதால், கீழே சொல்லும் மதிப்பெண் கணக்கெல்லாம் அதைச் சார்ந்தது. வேறு அமைப்பின் பாடத்தை எடுத்தால் தேர்வு முறையும் மதிப்பெண் பங்கீடும் மாறும். சேரும் முன் அந்தப் பாடத்தின் முகப்புப் பக்கத்தைக் கடைசி வரி வரை படியுங்கள்.

பாடத்தை முடித்துச் சான்றிதழ் வாங்கிவிட்டால் கிரெடிட் தானாக வந்துவிடுமா?

வராது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள்.

சான்றிதழ் தருவது ஐஐடி. உங்கள் பட்டத்தில் கிரெடிட்டை, அதாவது பட்டம் பெறச் சேர்க்க வேண்டிய பாட அலகை, சேர்ப்பது உங்கள் பல்கலைக்கழகம். தன்னாட்சிக் கல்லூரி என்றால் கல்லூரியே. இரண்டுக்கும் நடுவில் ஒரு கடிதம் இருக்கிறது. நீங்கள் எடுக்கப்போகும் பாடம், அதன் வாரங்கள், எந்த விருப்பப் பாடத்துக்கு ஈடாக எடுக்கிறீர்கள் என்பதை எழுதி, பாடம் தொடங்கும் முன்பே துறைத்தலைவர் வழியாக ஒப்புதல் பெற வேண்டும். பாடத்திட்டக் குழு அந்தப் பாடத்தை ஏற்றுக்கொண்ட பட்டியலில் அது இருக்க வேண்டும்.

என் மாணவி ஒருத்தி 12 வாரப் பாடத்தை முடித்து 81 மதிப்பெண் வாங்கினாள். முடித்த பிறகுதான் கடிதம் கொண்டுவந்தாள். முன் அனுமதி இல்லை என்பதால் கிரெடிட் கிடைக்கவில்லை. ஈடாக விட்டுவிடலாம் என்று நினைத்திருந்த விருப்பப் பாடத்தை அடுத்த பருவத்தில் உட்கார்ந்து படிக்க வேண்டியதாயிற்று. படித்தது வீணாகவில்லைதான். ஆனால் அவள் முகத்தை அன்று பார்த்தவர்களுக்கு அந்த ஆறுதலைச் சொல்ல வாய் வராது. அதிலிருந்து, கையெழுத்தான கடிதத்தின் நகலைக் காட்டிய பிறகே தேர்வுக்குப் பணம் கட்டுங்கள் என்று எல்லோரிடமும் சொல்லி வருகிறேன்.

எத்தனை பாடம் இப்படி எடுக்கலாம்?

யுஜிசி 2016-இல் கொண்டுவந்த விதிமுறை, ஒரு பருவத்தின் பாடங்களில் 20 சதவீதம் வரை ஸ்வயம் வழியாக எடுக்க இடம் கொடுத்தது. 2021-இல் அது 40 சதவீதமாக உயர்ந்தது. இது மேல்வரம்பு. அதற்குள் எவ்வளவு அனுமதிப்பது என்பதை உங்கள் பல்கலைக்கழகத்தின் ரெகுலேஷன் புத்தகம் சொல்லும். பெரும்பாலான இடங்களில் விருப்பப் பாடங்களுக்கு மட்டுமே ஈடு. கட்டாயப் பாடத்துக்கு ஈடாக எடுக்க முடியாது. சீனியர் சொன்னார் என்று நம்பி இறங்காதீர்கள். அவருடைய ரெகுலேஷன் வேறு, உங்களுடையது வேறாக இருக்கலாம்.

என்பிடெல் கணக்கில் 4 வாரப் பாடம் 1 கிரெடிட், 8 வாரம் 2, 12 வாரம் 3. உங்கள் விருப்பப் பாடம் 3 கிரெடிட் என்றால் 12 வாரப் பாடத்தைத்தான் தேட வேண்டும். 8 வாரப் பாடம் எளிதாக இருக்கும் என்று எடுத்துவிட்டு, மீதி 1 கிரெடிட்டுக்கு அலைந்தவர்கள் உண்டு.

கட்டணம் எவ்வளவு?

சேரவும், காணொளி பார்க்கவும், அசைன்மென்ட் எழுதவும் பணம் கிடையாது. தேர்வு எழுதுவதற்கு மட்டும் கட்டணம். என்பிடெல்லில் ஒரு பாடத்துக்கு 1000 ரூபாய் என்ற அளவில் இருந்து வருகிறது. பட்டியலின, பழங்குடி மாணவர்களுக்கும் மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கும் பாதிக் கட்டணம். பாடத்தில் சேர்வதும் தேர்வுக்குப் பதிவதும் தனித்தனி வேலை என்பதை மறந்துவிடாதீர்கள். பாடத்தில் சேர்ந்தாயிற்றே என்று இருந்துவிட்டு, தேர்வுப் பதிவின் கடைசி நாளைத் தவறவிட்டவர்கள் ஒவ்வொரு பருவமும் இருக்கிறார்கள்.

மதிப்பெண் எப்படிப் போடுகிறார்கள்?

அசைன்மென்டுக்கு 25, தேர்வுக்கு 75. வாரம் ஒரு அசைன்மென்ட். 12 வாரப் பாடத்தில் நீங்கள் நன்றாக எழுதிய 8-ஐ மட்டும் சராசரிக்கு எடுத்துக்கொள்வார்கள். 8 வாரப் பாடத்தில் 6. ஆகவே, காய்ச்சல் வந்து ஒரு வாரம் தவறினால் பதற வேண்டாம்.

ஆனால் தேர்ச்சிக்கு இரண்டு வாசல் உண்டு. அசைன்மென்டில் 25-க்குக் குறைந்தது 10, தேர்வில் 75-க்குக் குறைந்தது 30. இரண்டையும் தனித்தனியாகத் தாண்ட வேண்டும். அசைன்மென்டில் 24 வாங்கி, தேர்வில் 27 வாங்கினால் கூட்டுத்தொகை 51. இருந்தும் சான்றிதழ் இல்லை. விடைகளை டெலிகிராம் குழுவிலிருந்து எடுத்து எழுதுபவர்கள் மாட்டிக்கொள்வது சரியாக இந்த இடத்தில்தான். அசைன்மென்டில் முழு மதிப்பெண் இருக்கும். தேர்வில் எண்ணை மாற்றிக் கேட்டதும் கை நின்றுவிடும். நேர்மை பற்றிச் சொல்ல வேண்டியதை வகுப்பில் சொல்லிக்கொள்கிறேன். வெறும் கணக்காகப் பார்த்தாலும், 25-ஐக் காப்பாற்றப் போய் 75-ஐ இழப்பது நிதி மேலாண்மை படிக்கிறவர் எடுக்கும் முடிவு இல்லை.

தேர்வை வீட்டிலிருந்தே எழுதலாமா?

முடியாது. பாடம்தான் இணையவழி. தேர்வு, நேரில் போய்க் கணினி முன் உட்கார்ந்து 3 மணி நேரம் எழுதுவது. பதியும்போது ஊர் விருப்பம் கேட்பார்கள். இடங்கள் நிரம்பினால் பக்கத்து ஊர் கிடைக்காமல் போகலாம், அதனால் முதல் வாரத்திலேயே பதிந்துவிடுங்கள். கிராமத்திலிருந்து வரும் பிள்ளைகள் காலை அமர்வாக இருந்தால் முதல் பேருந்து எத்தனை மணிக்கு என்று முந்தைய நாளே பார்த்து வையுங்கள். ஹால் டிக்கெட், அசல் அடையாள அட்டை இரண்டும் வேண்டும். கால்குலேட்டர் பற்றி ஹால் டிக்கெட்டில் என்ன எழுதியிருக்கிறதோ அதன்படி நடங்கள்.

நான் சயின்ஸ் குரூப். டெபிட், கிரெடிட் எதுவும் தெரியாது. எடுக்கலாமா?

எடுக்கலாம். முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். கணக்கியல், அதாவது அக்கவுண்டிங், நடந்து முடிந்த வரவு செலவை ஒழுங்காகப் பதிவது. நிதி மேலாண்மை இனி வரப்போகும் பணத்தைப் பற்றியது: இந்த முதலீட்டைச் செய்யலாமா, பணத்தை எங்கிருந்து திரட்டுவது, அதற்கு என்ன விலை கொடுக்கிறோம். இரண்டாவதற்கு முதலாவதில் கொஞ்சம் பழக்கம் வேண்டும். ஐந்தொகை என்று நாம் சொல்லும் பேலன்ஸ் ஷீட்டையும் லாப நட்டக் கணக்கையும் பார்த்தால் எது எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் போதும். பிளஸ் டூ கணக்குப்பதிவியல் பாடப்புத்தகத்தைப் பத்து நாள் புரட்டினால் அந்த அளவு வந்துவிடும்.

கணிதத்தில் பத்தாம் வகுப்புச் சதவீதமும் அடுக்குகளும் போதும். பொறியியல் மாணவர்கள் கூட்டுவட்டிப் பகுதியை வணிகவியல் மாணவர்களைவிட வேகமாகப் பிடித்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் தடுமாறுவது சொற்களில்தான்.

வணிகவியல் மாணவர்களுக்கு வேறொரு எச்சரிக்கை. உங்கள் பட்டப்படிப்பிலேயே நிதி மேலாண்மை கட்டாயப் பாடமாக இருக்கும். அதே பாடத்திட்டத்தை ஸ்வயத்தில் எடுத்தால் ஈடு கொடுக்க மாட்டார்கள். பங்குப் பத்திர ஆய்வு, வங்கியியல், தனிநபர் நிதி போன்று வேறு பக்கம் பாருங்கள்.

உண்மையில் என்ன சொல்லித் தருவார்கள்?

அறிமுகப் பாடம் எதுவாக இருந்தாலும் அதன் முதுகெலும்பு ஒன்றுதான். இன்று கையில் இருக்கும் ரூபாயும் ஐந்து வருடம் கழித்து வரும் ரூபாயும் சமமில்லை. 10 சதவீத வட்டி கிடைக்கும் என்றால், ஐந்து வருடம் கழித்து வரும் 1 லட்சத்துக்கு இன்றைய மதிப்பு 62,092 ரூபாய். இந்த ஒரு வரியைப் புரிந்துகொண்டால் மீதிப் பாடம் அதன் கிளைகள்.

நம் ஊரில் இதற்கு உதாரணம் தேடி அலைய வேண்டியதில்லை. தண்டலை எடுத்துக்கொள்ளுங்கள். சந்தையில் காய் விற்கும் அக்கா 10,000 ரூபாய் தண்டல் வாங்கினால், 1,500 பிடித்துக்கொண்டு 8,500 கையில் கொடுப்பார்கள். தினம் 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். கேட்டால் 15 சதவீத வட்டி என்பார்கள். ஆனால் முதல் நாளிலிருந்தே அசல் திரும்பிக்கொண்டிருக்கிறது. நூறு நாளும் அவர் கையில் 8,500 இருக்கவில்லை. கட்டும் தொகைகளின் இன்றைய மதிப்பு 8,500-க்குச் சமமாகும் வட்டி வீதத்தைத் தேடினால், நாளொன்றுக்கு ஏறக்குறைய 0.33 சதவீதம் வரும். ஆண்டுக் கணக்கில் 120 சதவீதத்தைத் தாண்டுகிறது. பாடத்தில் ஐஆர்ஆர் (உள் ஈட்டு வீதம்) என்று நான்காவது ஐந்தாவது வாரத்தில் வருவது இதேதான்.

படித்தவர்களும் ஏமாறும் இடம் பிளாட் ரேட், அதாவது அசல் குறைந்தாலும் முதலில் வாங்கிய முழுத் தொகைக்கே வட்டி போடுவது. 1 லட்சம் கடன், ஒரு வருடம், 12 சதவீதம் பிளாட் என்பார்கள். 1,12,000-ஐப் பன்னிரண்டால் வகுத்து மாதம் 9,333 ரூபாய் கட்டச் சொல்வார்கள். குறையும் அசலுக்கு வட்டி போட்டுப் பார்த்தால் உண்மையான வீதம் ஆண்டுக்கு 21.5 சதவீதத்தை ஒட்டி இருக்கும். பைக் வாங்கப்போகும் தம்பி ஒருவன் வகுப்பில் இதைப் போட்டுப் பார்த்துவிட்டு, அன்று மாலையே வங்கிக் கிளைக்குப் போய்க் குறையும் அசலுக்கான வீதத்தைக் கேட்டான். பாடம் அவனுக்கு அன்றே சம்பளம் கொடுத்துவிட்டது.

அடுத்தது முதலீட்டு முடிவு. தையல் கடைக்கு 60,000 ரூபாயில் ஒரு இயந்திரம். நான்கு வருடம், வருடத்துக்கு 20,000 மிச்சமாகும் என்று வைத்துக்கொள்வோம். 80,000 வருகிறதே, லாபம்தானே என்று தோன்றும். 12 சதவீத வட்டியில் கணக்கிட்டுப் பார்த்தால் அந்த வரவுகளின் இன்றைய மதிப்பு 60,747. நூலிழையில் தப்பிக்கிறது. கடன் 15 சதவீதத்துக்கு வாங்கினால் 57,100. அப்போது வாங்கக்கூடாது. இயந்திரம் அதேதான், வருமானமும் அதேதான். பணத்தின் விலை மாறியது, முடிவும் மாறியது.

அப்புறம் கடன் பத்திரங்கள். 1000 ரூபாய் முகமதிப்பு, 8 சதவீத வட்டி, ஐந்து வருடம் மீதமுள்ள பத்திரம், சந்தையில் வட்டி 10 சதவீதமாக உயர்ந்தால் 924 ரூபாய்க்கு இறங்கும். வட்டி ஏறினால் பத்திர விலை ஏன் இறங்குகிறது என்பது தேர்வுக்குப் பிடித்த கேள்வி. இடர், பீட்டா (சந்தை அசையும்போது ஒரு பங்கு எவ்வளவு அசைகிறது என்ற அளவு), மூலதனச் செலவு, நடைமுறை மூலதனம், பங்காதாயக் கொள்கை ஆகியவையும் வரும். பீட்டா வரும் வாரத்தில் மட்டும் காணொளியை இரண்டு முறை பாருங்கள்.

ஷேர் மார்க்கெட்டில் டிரேடிங் செய்யக் கற்றுத் தருவார்களா?

இல்லை, அதற்காகச் சேர வேண்டாம். பங்கின் மதிப்பை எப்படிக் கணிப்பது, இடரை எப்படி அளப்பது என்று சொல்லித் தருவார்கள். எந்தப் பங்கை நாளை வாங்கலாம் என்று சொல்ல மாட்டார்கள். 2024 செப்டம்பரில் பங்குச்சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி வெளியிட்ட ஆய்வின்படி, 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓ (ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ்) வணிகம் செய்த தனிநபர்களில் 93 சதவீதம் பேர் பணத்தை இழந்திருக்கிறார்கள். மொத்த இழப்பு 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். ஹாஸ்டல் அறையில் கைப்பேசியை வைத்துக்கொண்டு, வீட்டிலிருந்து வந்த கட்டணப் பணத்தில் ஆப்ஷன் வாங்கும் பிள்ளைகளை நினைத்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது. இந்தப் பாடத்தில் இடர் பற்றிய இரண்டு வாரங்களை அவர்கள் ஒழுங்காகப் படித்தாலே போதும் என்று தோன்றும்.

வாரத்துக்கு எவ்வளவு நேரம் ஒதுக்க வேண்டும்?

காணொளி இரண்டரை மணி நேரம் இருக்கும். அதே அளவு நேரம் நோட்டும் பேனாவும். இந்தப் பாடத்தைப் பேருந்தில் காதில் மாட்டிக்கொண்டு கேட்டு முடித்துவிட முடியாது. ஆசிரியர் திரையில் கணக்குப் போடும்போது நிறுத்தி, நீங்களே போட்டு, பிறகு விடையைப் பாருங்கள். பார்க்கும்போது எல்லாம் புரிந்ததுபோல இருப்பதுதான் இணையவழிப் பாடத்தின் பெரிய ஆபத்து.

எக்செல் கற்றுக்கொள்ளுங்கள், ஆனால் கையால் போட்டுப் பழகிய பிறகு. ஒரு நுணுக்கம்: எக்செல்லின் என்பிவி (நிகர இன்றைய மதிப்பு) சூத்திரம் முதல் எண்ணை ஒரு வருடம் கழித்து வருவதாக எடுத்துக்கொள்ளும். இன்று போடும் முதலீட்டை அதற்குள் தரக்கூடாது. வெளியே தனியாகக் கழிக்க வேண்டும். இது தெரியாமல் விடை ஏன் பொருந்தவில்லை என்று கேட்டு வருபவர்கள் நிறைய.

ஆங்கிலம்தான் பயம். தமிழில் உண்டா?

என்பிடெல்லில் சில பாடங்களுக்கு உரையின் தமிழாக்கம் கிடைக்கிறது. நீங்கள் எடுக்கும் பாடத்துக்கு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டாலும் ஆங்கில எழுத்துரை இருக்கும்; அதை அச்செடுத்து, பக்க ஓரத்தில் தமிழில் எழுதிக்கொண்டே படித்த மாணவர்கள் நன்றாகத் தேறியிருக்கிறார்கள். நிதிப் பாடத்தில் திரும்பத் திரும்ப வரும் சொற்கள் நூற்றைம்பதுக்குள் அடங்கிவிடும். முதல் மூன்று வாரம் கடினமாக இருக்கும், அதன் பிறகு பழகிவிடும்.

ஏபிசி ஐடி எதற்கு?

அகடமிக் பேங்க் ஆஃப் கிரெடிட்ஸ் என்பது நீங்கள் சம்பாதித்த கிரெடிட்களைச் சேர்த்து வைக்கும் கணக்கு. 2021 ஜூலையில் தொடங்கியது. டிஜிலாக்கர் வழியாகப் பதிந்தால் 12 இலக்க எண் கிடைக்கும். இப்போது அபார் எண் என்றும் சொல்கிறார்கள். கிரெடிட் அங்கே அதிகபட்சம் ஏழு ஆண்டு வரை செல்லும். ஆதாரில் இருக்கும் பெயர், கல்லூரியில் இருக்கும் பெயர், ஸ்வயத்தில் கொடுத்த பெயர் மூன்றும் ஒன்றாக இருக்கட்டும். நம் ஊரில் இனிஷியல் முன்னால் ஓரிடத்தில், பின்னால் ஓரிடத்தில், அப்பா பெயராக விரிந்து வேறோரிடத்தில் என்று இருப்பதால் சிக்கல் வருகிறது. பருவம் தொடங்கும் முன்பே சரிசெய்துவிடுங்கள்.

கோர்செராவில் வாங்கிய சான்றிதழுக்குக் கிரெடிட் உண்டா?

யுஜிசியின் மேற்சொன்ன விதிமுறை ஸ்வயத்துக்கானது. வேறு தளத்தின் சான்றிதழை ஏற்பதும் ஏற்காததும் உங்கள் கல்லூரியின் முடிவு. எழுத்தில் கேளுங்கள், எழுத்தில் பதில் வாங்குங்கள்.

கடைசிப் பருவத்தில் எடுக்கலாமா?

வேண்டாம். தேர்வு முடிந்து முடிவு வரச் சில வாரங்கள் ஆகும். அது வந்து, சிஓஇ (தேர்வுக் கட்டுப்பாட்டாளர்) அலுவலகத்தில் மதிப்பெண்ணை மாற்றி, மதிப்பெண் பட்டியலில் ஏறுவதற்குள் வேலைக்குச் சேரும் தேதி வந்துவிடலாம். தேறாமல் போனால் இன்னும் மோசம்: என்பிடெல்லில் சான்றிதழ் வராது என்பதோடு போகும், ஆனால் உங்கள் பட்டத்தில் 3 கிரெடிட் குறையும். ஈடாக எழுத வேறு பாடம் அந்தப் பருவத்தில் இருக்காது. மூன்று வருடப் படிப்பு என்றால் நான்காவது பருவம், பொறியியல் என்றால் ஐந்தாவது அல்லது ஆறாவது பருவம் நல்ல நேரம். அப்போது தவறினாலும் கல்லூரியிலேயே ஒரு விருப்பப் பாடத்தை எடுத்து ஈடுகட்ட அடுத்த பருவம் கையில் இருக்கும்.